வாரண்டி முடிந்த சொகுசுக் காரை இன்னும் பத்து வருடம் ஓட்ட முடியுமா?

நிழல்சாரதி:

வணக்கம். எட்டு வருடப் பழைய பெரிய செடான் ஒன்று கைக்கு வரும்போல இருக்கிறது. ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல், எட்டு கியர் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரத்துக்கும் ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை), மேலே பெரிய சன்ரூஃப். ஓடோமீட்டர் 90,000 கிலோமீட்டரில் நிற்கிறது. ஒரே உரிமையாளர், உள்ளே சீட்டில் ஒரு கீறல் கிடையாது. புதிதாக வந்தபோது அண்ணாந்து பார்த்த வண்டி, இப்போது ஒரு நடுத்தரப் புது வண்டியின் விலைக்கும் கீழே வந்துவிட்டது.

வாங்கினால் பத்து வருடமாவது வைத்திருப்பேன். அடிக்கடி மாற்றுகிற ஆள் இல்லை. மச்சான் "யானையைக் கட்டித் தீனி போடாதே" என்கிறார். இணையத்தில் பார்த்தால் இரண்டே கட்சி: நடுரோட்டில் நிற்பாய் என்று ஒன்று, ஒன்றுமே ஆகாது என்று இன்னொன்று. எந்த பிராண்ட் கெடாமல் ஓடுகிறது என்று பார்க்கும் டிபெண்டபிலிட்டி சர்வேயில் அந்த பிராண்ட் நடுவில் இருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று விற்பவர் சொல்கிறார். உண்மையில் இந்த வயதுக்கு மேல் வைத்து ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஒத்தையடி:

வேண்டாம் ப்ரோ. அதே காசுக்குப் புதுசாகச் சின்ன வண்டி வாங்கி நிம்மதியாகத் தூங்குங்கள்.

பழையவண்டிக்காரன்:

ஒத்தையடி ஒரே வரியில் முடித்துவிட்டார். நிறையப் பேருக்கு அது சரியான பதிலும்கூட. ஆனால் நான் இதேபோல ஒரு வண்டியை நடுவயதில் வாங்கி இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவன். பெரிய செடான், வி6 டீசல், இரண்டரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பிராண்ட் பெயரைச் சொன்னால் இங்கே சண்டை ஆரம்பித்துவிடும், அதனால் சொல்லவில்லை.

முதலில் அந்த சர்வே. அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் நடத்தும் ஆய்வைச் சொல்கிறீர்கள் என்றால், அது மூன்று வருடம் ஓடிய வண்டிகளின் சொந்தக்காரர்களிடம் கேட்பது. 100 வண்டிக்கு எத்தனை குறை என்று கணக்குப் போடுவார்கள். போன் ப்ளூடூத்தில் சேரவில்லை என்றாலும் ஒரு குறை, கியர்பாக்ஸ் போனாலும் ஒரு குறை. மூன்று வயதில் எந்த ரப்பரும் காய்ந்திருக்காது. எட்டு வயது வண்டி வாங்குகிறவருக்கு அந்தப் பட்டியலால் பெரிய பிரயோஜனம் இல்லை.

பிராண்டைப் பார்க்காமல் என்ஜின் குறியீட்டைப் பாருங்கள். போர்ஷே 911இல் 996 தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண கரேராவில் எம்96 என்ஜின்; அதில் கேம்ஷாஃப்டை ஓட்டும் இடைத்தண்டைத் தாங்க ஐஎம்எஸ் பேரிங் என்று ஒரு சின்னப் பேரிங், அது உடைந்தால் என்ஜினே போயிற்று. அதே காலத்தில், அதே பேட்ஜோடு வந்த டர்போவிலும் ஜிடி3யிலும் இருந்தது மெட்ஸ்கர் என்ற வேறு வடிவமைப்பு என்ஜின். அதில் அந்தப் பேரிங்கே கிடையாது. "996 நம்பகமானதா" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

பிஎம்டபிள்யூவிலும் அப்படித்தான். 2008இல் வந்த என்63 வி8இல் டர்போ இரண்டையும் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, வி-யின் பள்ளத்தில் வைத்தார்கள். அவ்வளவு சூடும் அங்கேயே தேங்கும். வால்வ் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பரான வால்வ் ஸ்டெம் சீல் காய்ந்து கெட்டியாகும், வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். 2014 கடைசியில் அமெரிக்காவில் அந்த நிறுவனமே தனித் திட்டம் அறிவித்து டைமிங் செயின் (வால்வ்களை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் சங்கிலி), இன்ஜெக்டர் எல்லாம் சோதித்து மாற்றிக் கொடுத்தது. ஆயில் மாற்றும் இடைவெளியையும் 15,000 மைலிலிருந்து 10,000 மைலாகக் குறைத்தது. அதே நிறுவனம் 2015இல் கொண்டுவந்த பி58 நேர்வரிசை ஆறு சிலிண்டருக்கு நல்ல பெயர். 2019இல் டொயோட்டா தன் சுப்ராவுக்கு அதைத்தான் வாங்கிப் போட்டது. உங்கள் வண்டியின் என்ஜின் குறியீடு என்ன, அதன் தெரிந்த வியாதிகள் என்ன என்று பார்க்காமல் யாருடைய அனுபவமும் உங்களுக்கு உதவாது, என்னுடையதையும் சேர்த்து.

சரி, வைத்திருப்பது எப்படி இருக்கும்? என் வண்டியில் என்ஜினின் இரும்பு இதுவரை எனக்கு ஒரு தொல்லையும் தந்ததில்லை. கிராங்க், பிஸ்டன், ஹெட் எதையும் தொட்டதில்லை. செலவு வைத்ததெல்லாம் அதைச் சுற்றி இருக்கும் ரப்பர், பிளாஸ்டிக், வயர்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒருநாள் வண்டிக்கு அடியில், என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஈரம். முதலில் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் பின் மெயின் சீல் (கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் சீல்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். இன்னொரு மெக்கானிக் அவசரப்படவில்லை. மேலிருந்து டார்ச்சும் நீளக் கம்பியில் கட்டிய கண்ணாடியும் விட்டு என்ஜினின் நடுப்பள்ளத்தைக் காட்டினார். அங்கே கறுப்பாக ஆயில் குளம் கட்டி நின்றது. ஆயில் கூலர் அந்தப் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. அதன் சீல் கசிந்து, ஆயில் பின்பக்கமாக வழிந்து கியர்பாக்ஸ் மேல் இறங்கியிருக்கிறது. கீழிருந்து பார்த்தால் மெயின் சீல் கசிவு மாதிரியே தெரியும்.

கசிந்தது மோதிரம் அளவுக்கு ஒரு ரப்பர். ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் டர்போ வெளியே வர வேண்டும், சிலிண்டர்களுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு இரண்டும் வர வேண்டும், வழியில் இருக்கும் பைப்பும் வயரும் கழல வேண்டும். வண்டி நாள்கணக்கில் லிஃப்டில் நின்றது. பில்லில் பாகத்தின் விலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், மீதியெல்லாம் லேபர். பழைய சீலைக் கையில் கொடுத்தார், மடக்கிப் பார்த்தேன், காய்ந்த சுள்ளிபோல ஒடிந்தது. புதிதாகப் போட்டது வேறு ரகம், சூடு தாங்கும் ஊதா நிற ரப்பர். அதாவது பழையது தாங்காது என்று செய்தவர்களுக்கும் பிற்பாடு தெரிந்திருக்கிறது.

அப்போதே இன்டேக்கில் படிந்திருந்த கரியைச் சுரண்டி, க்ளோ பிளக், அந்தப் பக்கத்து ஹோஸ்கள், கேஸ்கட்கள் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டேன். அவ்வளவு தூரம் ஒருமுறை பிரித்த பிறகு பத்து ரூபாய்ப் பாகத்தை மிச்சம் பிடித்துத் திரும்ப அதே லேபரைக் கொடுப்பது புத்திசாலித்தனம் இல்லை. அந்த வேலைக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே வேண்டி வரவில்லை.

கியர்பாக்ஸ் ஆயில் விஷயத்தில் விற்பவர் சொல்வதைக் கேட்காதீர்கள். எட்டு கியர் என்றால் பெரும்பாலும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் செய்த 8எச்பி கியர்பாக்ஸ். கார் நிறுவனம் "லைஃப்டைம் ஃபில்" என்று புத்தகத்தில் போடும். கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. யாருடைய லைஃப் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் வண்டி இரண்டு கணக்கிலும் இப்போது வாசலில் நிற்கிறது. அதில் ஃபில்டர் பிளாஸ்டிக் ஆயில் பேனோடு ஒட்டியே வரும், பேனையே மாற்ற வேண்டும். ஆயில் அளவையும் என்ஜின் ஓடும்போது, குறிப்பிட்ட வெப்பநிலையில் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். பழக்கமில்லாத கையில் கொடுக்காதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும். வண்டியின் விலை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கலாம். பாகத்தின் விலை, லேபர் எதுவும் இறங்கவில்லை. புதிதாக வாங்கியவர் என்ன பராமரிப்புச் செலவுக்குத் தயாராக இருந்தாரோ, அதற்கும் மேலேதான் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். வாங்கும் விலைக்கே மூச்சுப் பிடித்துச் சேர்க்கிறீர்கள் என்றால் ஒத்தையடி சொன்னதைக் கேளுங்கள்.

நிழல்சாரதி:

அண்ணா, இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, நன்றி. சர்வீஸ் ரெக்கார்டு வாங்கிப் பார்த்தேன். என்ஜின் ஆயில் கிட்டத்தட்ட 25,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாறியிருக்கிறது, கம்ப்யூட்டர் சொன்னபோது மட்டும். எல்லாம் கம்பெனி சர்வீஸ்தான். கியர்பாக்ஸ் தொடப்படவே இல்லை. ஏர் சஸ்பென்ஷனும் அப்படியே, புதிதில் வந்தது. உரிமையாளர் அலுவலகம் போய்வர மட்டும் ஓட்டினாராம், பக்கத்திலேயேதான்.

பேசாமல் லெக்ஸஸ் பக்கம் போய்விடலாமா என்றும் ஒரு யோசனை.

ஸ்பானர்பெட்டி:

நான் பட்டறை ஆள். பழையவண்டிக்காரன் சொன்னதோடு தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய சன்ரூஃப் என்றீர்களே, அதன் நான்கு மூலையிலிருந்தும் மெல்லிய வடிகால் குழாய் தூண் வழியாகக் கீழே இறங்கும். இலைத்தூசி அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் வெளியே போகாமல் உள்ளே இறங்கிக் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். இந்த மாதிரி வண்டிகளில் கார்ப்பெட் அடியிலும் டிக்கி பள்ளத்திலும்தான் கன்ட்ரோல் மாட்யூல்கள், அதாவது மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருக்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் இருக்கும் தடித்த ஸ்பாஞ்சு ஊறிப் போயிருக்கும். கார்ப்பெட்டை ஓரத்தில் தூக்கி விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். வாசனையே காட்டிக்கொடுத்துவிடும்.

பேட்டரி இன்னொன்று. வோல்டேஜ் குறைந்தால் சம்பந்தமே இல்லாத பத்து எச்சரிக்கை ஒரே நேரத்தில் வரும். பிரேக், சஸ்பென்ஷன், ஏர்பேக் எல்லாம் போய்விட்டது போலக் காட்டும். எங்களிடம் வருகிற பல "பெரிய ரிப்பேர்" புது பேட்டரியில் முடிந்திருக்கிறது. மாற்றினால் ஸ்கேனரில் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் பண்ணும்.

விற்பவர்கள் வண்டியைக் காட்டுவதற்கு முன் ஃபால்ட் கோடுகளை, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீடுகளை, அழித்துவிடுவது சகஜம். ஸ்கேனில் ஒரு கோடுகூட இல்லை, அத்தனையும் சுத்தம் என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். எட்டு வருட வண்டியில் எங்காவது ஒரு பழைய லோ வோல்டேஜ் கோடாவது கிடக்கும்.

பழையவண்டிக்காரன்:

லெக்ஸஸ் நல்ல யோசனைதான். 1989இல் வந்த எல்எஸ் 400இன் வி8 பற்றி யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. 1996 மாடல் ஒன்று 2019இல் பத்து லட்சம் மைலைத் தாண்டியது, கிலோமீட்டரில் பதினாறு லட்சத்துக்கு மேல். ஆனால் அந்த வண்டியிலும் ஸ்டார்ட்டர் மோட்டார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், வி-யின் பள்ளத்தில். ஸ்டார்ட்டர் மாற்ற மேலே உள்ளதெல்லாம் கழல வேண்டும். பவர் ஸ்டியரிங் ஆயில் கசிந்தால் நேராக ஆல்டர்னேட்டர் மேலே சொட்டும். பிறகு வந்த எல்எஸ் 460இல் முன்சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ்கள் தேய்வது எல்லாருக்கும் தெரிந்த கதை. அடிக்கடி கெடாது என்பது உண்மை. கெட்டால் மலிவாக முடியும் என்பது அதற்கு அர்த்தம் இல்லை. சொகுசு என்பதே நிறைய பாகத்தைக் குறைந்த இடத்தில் திணிப்பதுதான், அதை யார் செய்தாலும் மெக்கானிக்கின் கை நுழையாது.

இன்னொன்று, ஒரு தொழில்நுட்பம் முதன்முதலாக வந்த வருடத்து வண்டியைத் தவிர்த்துவிடுங்கள். மெர்சிடீஸ் 2002இல் இ-கிளாஸில் எஸ்பிசி என்று மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் பிரேக்கைக் கொண்டுவந்தது. 2004லும் 2005லும் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. 2006இல் அதே மாடலைப் புதுப்பித்தபோது சாதாரண ஹைட்ராலிக் பிரேக்குக்கே திரும்பிவிட்டார்கள். இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒரே வண்டி. நான் வாங்குவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிந்தியதைத்தான் எடுப்பேன்.

உங்கள் வண்டிக்கு வருவோம். 90,000 குறைவு என்று விற்பவர் பெருமையாகச் சொல்லியிருப்பார். எட்டு வருடத்தில் 90,000 என்றால் வருடத்துக்குப் பதினோராயிரம் சொச்சம், அதுவும் பக்கத்து அலுவலகத்துக்கு. என்ஜின் முழுச்சூடு ஏறுவதற்குள் அணைத்துவிட்ட வண்டி. ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் கலந்து நிற்கும், ஆவியாகிப் போக நேரமே கிடைத்திருக்காது. அந்த ஆயிலையும் 25,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அதாவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள். மொத்த ஆயுளில் மூன்று முறை! ஹைவேயில் ஒன்றரை லட்சம் ஓடி 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாறிய வண்டி எதிரில் நின்றால் நான் அதைத்தான் எடுப்பேன். இன்றைய என்ஜின்களில் பிஸ்டன் ரிங் மெலிசு, இழுவிசை குறைவு, ஆயில் திரும்பும் துளைகள் சிறிசு. பழைய ஆயிலில் அவை அடைத்துக்கொண்டால் வண்டி ஆயில் எரிக்க ஆரம்பிக்கும். டைமிங் செயின் தேய்வதற்கும் கெட்ட ஆயில்தான் முக்கியக் காரணம். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷன் என்றால் பெட்ரோல் வால்வைக் கழுவாது, இன்டேக் வால்வில் கரி படியும்; வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சித்தான் அதை எடுப்பார்கள். இதெல்லாம் கம்பெனி சொன்ன அட்டவணைப்படி ஓட்டியும் வரும். அட்டவணை போட்டவர் முதல் உரிமையாளரை மனதில் வைத்துப் போட்டது, மூன்றாவது உரிமையாளரை அல்ல.

அதற்காக உடனே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். முந்தின நாளே சொல்லிவிட்டு, காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே போய் ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டியைச் சூடாக்கி வைத்துவிட்டுக் கூப்பிட்டால் பானெட்டைத் தொட்டதுமே தெரியும். ஸ்டார்ட் ஆனதும் முதல் சில விநாடி காதைக் கொடுங்கள். செயின் தளர்ந்திருந்தால் அப்போதுதான் கலகலவென்று சத்தம் வரும், ஆயில் அழுத்தம் ஏறியதும் அடங்கிவிடும். பின்னால் ஒருவரை நிற்கவைத்துப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு சிக்னலில் நிற்பது போலக் கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டு, அப்புறம் அழுத்தும்போது நீலப்புகை வந்தால் வால்வ் சீல் காய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏர் சஸ்பென்ஷனுக்கு ஒரு இன்ச் டேப் போதும். இரவு நிறுத்தியதும் நான்கு சக்கரத்திலும் சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் கதவைத் திறப்பதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள். கதவைத் திறந்தாலே சில வண்டிகளில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் எழுந்துவிடும், அதனால்தான் முதலிலேயே. ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் பெரும்பாலும் அந்தச் சக்கரத்தின் சஸ்பென்ஷன் காற்றுப்பையில் விரிசல். விரிசலே பெரிய செலவு இல்லை. அதைக் கவனிக்காமல் ஓட்டினால் கசிகிற காற்றை ஈடுகட்டக் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்து அதுவும் எரிந்துபோகும். எட்டு வருட ரப்பர் என்பதால் இன்று கசியாவிட்டாலும் நீங்கள் வைத்திருக்கும் காலத்தில் நிச்சயம் கசியும், இதைச் செலவுக் கணக்கில் இப்போதே எழுதிவிடுங்கள்.

ஸ்பானர்பெட்டி சொன்ன கார்ப்பெட் விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள், எனக்கே அது தோன்றியிருக்காது.

எல்லாம் சரியாக இருந்தால், வாங்கிய முதல் மாதத்திலேயே கியர்பாக்ஸ் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக், என்ஜின் ஆயில் எல்லாம் மாற்றி, அன்றிலிருந்து புதுக்கணக்கு ஆரம்பியுங்கள். அந்தச் செலவை விலை பேசும்போதே கழித்துக் கேளுங்கள். ரெக்கார்டில் கியர்பாக்ஸ் இல்லை என்பது உங்கள் கையில் இருக்கும் நல்ல துருப்பு. அந்த பிராண்டின் டயக்னாஸ்டிக் கருவியை வைத்துக்கொண்டு தனியாகப் பட்டறை நடத்துகிறவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்று வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே விசாரியுங்கள். அவர் இல்லையென்றால் நான் வாங்கமாட்டேன். என்ஜின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி.

ஒத்தையடி:

இவ்வளவு வேலை இருக்கிறது என்றால் நான் சொன்னது சரிதானே!

பழையவண்டிக்காரன்:

சரிதான். ஆனால் நீங்கள் அந்த வண்டியில் இரவு ஹைவேயில் ஒருமுறை போய்விட்டு வந்து இதைச் சொல்லுங்கள்.

நிழல்சாரதி:

உரிமையாளர் ஒரு இரவு வண்டியை விட்டுவைக்கச் சம்மதித்துவிட்டார், டேப் எடுத்து வைத்திருக்கிறேன். பட்டறை ஆளையும் விசாரித்தாயிற்று, இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரு சந்தேகம்: கூலண்டைத் திறந்து பார்க்க வேண்டுமா?

ஸ்பானர்பெட்டி:

பாருங்கள், ஆனால் காலையில் குளிர்ந்திருக்கும்போது மட்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். கூலண்டின் மேல் எண்ணெய் மினுமினுப்பு இருந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். டேங்கின் பிளாஸ்டிக் மஞ்சளாகி, தையல் ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்த கறை இருந்தால் டேங்க் விரிசல் விட்டிருக்கிறது. அது சின்ன வேலைதான், விலையில் கழித்துக்கொள்ளலாம். டயர் ஓரத்தில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள், முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம், பின் இரண்டு எந்த வருடம் என்று சொல்லும். நான்கும் ஒரே பிராண்டாக இல்லாமல் கண்டபடி கலந்திருந்தால் மற்ற செலவுகளிலும் அவர் கையை இறுக்கித்தான் வைத்திருப்பார்.